திரும்பிப் போகாத வீடு

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். சமையல்கட்டுக்குள் வீட்டுக்கார மாமி. கூடத்தில் மாமா. அவர் பக்கத்தில் தர்ப்பைக் கட்டோடு வாத்தியார். சுவரோரம், திவசச் சாப்பாட்டுக்கு வரச்சொல்லியிருந்த ஸ்வாமிகள் இரண்டு பேர். சமையல்கட்டு வாசற்படிக்கு நாலடி தள்ளி, டூல் பையோடு நான். தெருவில் ஒரு பசு கட்டியிருந்தது. அதை முதலில் கணக்கில் சேர்க்கவில்லை. அப்புறம் சேர்த்துக்கொண்டேன்.

நான் கேஸ் அடுப்பு மெக்கானிக். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் செருப்பைக் கழற்றும்போதே ஆளை எண்ணிவிடுவேன். ஏதாவது ஆகிவிட்டால் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்வதற்காக. முப்பது வருஷத் தொழிலில் நான் கை வைத்த ஒரு வீட்டிலும் எதுவும் ஆனதில்லை. அதனால் எனக்கு நிம்மதி வந்ததும் இல்லை. எதுவும் ஆகாமல் இருப்பதற்குக் காரணமே நீ திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்ததுதான் என்று மனது வாதாடும். அந்த வாதத்தில் நான் ஜெயித்ததே கிடையாது.

இது சின்ன வயதிலேயே இருந்தது. வியாதி என்று அப்போது யாருக்கும் தெரியாது. எடமலைப்பட்டி புதூரில் வீடு. அம்மா பம்ப் ஸ்டவ்வில் சமைப்பாள். பள்ளிக்கூடத்தில் இரண்டாவது பீரியட் வரும்போது, ஸ்டவ்வை அணைத்தாளா இல்லையா என்று எனக்குள் ஒரு கேள்வி கிளம்பும். மூன்றாவது பீரியட் வரை தாங்க மாட்டேன். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு ஓடுவேன். அம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். "என்னடா?" என்பாள். "நோட்ட மறந்துட்டேன்" என்பேன். எட்டாம் வகுப்பு பாதியில் ஹெட்மாஸ்டர் அப்பாவைக் கூப்பிட்டு, "உங்க பையன் இங்க வர்றதைவிட வீட்டுக்கு ஓடுறதுதான் அதிகமா இருக்கு" என்றார். ஸ்டவ்தானே உன் பிரச்சினை என்று அப்பா என்னைப் பாலக்கரையில் ஒரு ஸ்டவ் ரிப்பேர் கடையில் கொண்டுபோய் விட்டார். கோபத்தில் செய்தாரா, யோசித்துத்தான் செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. படிப்பு அதோடு சரி.

எங்கள் தொழிலில் ஒரு நல்ல விஷயம் உண்டு. கசிவு இருக்கிறதா இல்லையா என்பதற்குச் சோதனை இருக்கிறது. டியூப் மாட்டிய இடத்தில் சோப்பு நுரையைத் தடவிவிட்டுப் பத்து எண்ண வேண்டும். கசிந்தால் குமிழி கிளம்பும். கிளம்பாவிட்டால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். மற்ற மெக்கானிக்குகள் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். நானும் போவேன், தெருமுனை வரைக்கும். குமிழி இல்லை என்று கண் பார்த்தது. ஆனால் கண் சரியாகப் பார்த்ததா? பத்து எண்ணினேனா, எட்டோடு விட்டேனா? வண்டியைத் திருப்பிவிடுவேன். "ஸ்பேனரை விட்டுட்டுப் போயிட்டேங்க" என்று ஏதாவது பொய் சொல்லிக்கொண்டு மறுபடியும் அடுப்படிக்குள் நுழைவேன். சில வீடுகளில் மூன்று தடவைகூட ஸ்பேனரை மறந்திருக்கிறேன்.

போன வருஷம் அது முற்றிப்போனது. கே.கே. நகரில் ஒரு வீட்டில் பர்னர் மாற்றிவிட்டு வந்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்தம்மா பயந்துபோய் ஏஜென்சிக்குப் போன் பண்ணிவிட்டார். நான் ஒரு கேஸ் ஏஜென்சியின் அடையாள அட்டையை வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்கிறேன். என் வருமானத்தில் முக்கால்வாசி அவர்கள் அனுப்பும் வீடுகளிலிருந்து வருவது. மேனேஜர் என்னைவிட வயதில் சின்னவர். உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசினார்.

"அண்ணே, உங்க வேலைல குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா விடியக்காலைல போய் நின்னா ஜனங்க என்ன நெனப்பாங்க? நம்ம போட்ட சாமான்ல ஏதோ கோளாறுன்னுதான நெனப்பாங்க? இது நாலாவது கம்ப்ளைன்ட். இன்னொரு வீட்டுக்குக் கூப்பிடாம திரும்பிப் போனீங்கன்னா கார்டை வாங்கிருவேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? கார்டு போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அன்று சாயங்காலமே என் மனைவி என்னை ஒரு மனநல டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ஆட்டோவில் போகும்போது, "வீட்டு கேஸை மூடிட்டியா?" என்று அவளிடம் இரண்டு தடவை கேட்டேன். "மூடல. திறந்து விட்டுட்டுத்தான் வந்திருக்கேன்" என்றாள். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

டாக்டர் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். தலையை ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேட்டேன். தேவையில்லை என்றார்.

"உங்க மூளைக்குள்ள ஒரு அலாரம் இருக்கு. பாதாம் பருப்பு அளவுதான். ஆபத்து வந்தா அது அடிக்கணும். உங்களுக்கு ஆபத்து இல்லாதப்பவும் அடிக்குது. நெத்திக்குப் பின்னால இருக்கிற பகுதி, சரி கேட்டுட்டேன், ஒண்ணுமில்லன்னு அதை அமர்த்தணும். அந்த அமர்த்துற வேலை உங்களுக்குச் சரியா நடக்கல. புரியுறதுக்காக இப்படிச் சுருக்கிச் சொல்றேன்."

"அந்த அலாரத்தக் கழட்டிட முடியாதா மேடம்?"

"கழட்டிட்டா எரியுற அடுப்புல கை வச்சாக்கூடப் பயம் வராது. உங்க தொழிலுக்கு அது வேணுமே."

மாத்திரை எழுதினார். அதோடு, சனிக்கிழமை சாயங்காலம் கிளினிக் மாடியில் தியானப் பயிற்சி நடக்கிறது, வாருங்கள் என்றார். தியானம் செய்தால் அந்தப் பருப்பு சின்னதாகிவிடுமா என்று கேட்டேன். "தொடர்ந்து செய்றவங்க மூளைல மாற்றம் தெரியுதுன்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்ல. உங்க தலைல எவ்வளவு மாறும்னு நான் எழுதிக் கொடுக்க முடியாது. மாத்திரையோட சேத்துப் பழகுங்க, பாப்போம்" என்றார்.

எழுதிக் கொடுக்க முடியாது என்றது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பர்னருக்கே நாங்கள் ஆறு மாதம் கேரண்டி எழுதிக் கொடுக்கிறோம்.

முதல் சனிக்கிழமை மாடியில் பதினோரு பிளாஸ்டிக் நாற்காலிகள். கண்ணை மூடி, மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனியுங்கள் என்றார் டாக்டர். அமைதி வரும் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். தெருவில் நடமாடும்போது என் கவலைகள் ஒவ்வொன்றாக வரும். கண்ணை மூடியதும் எல்லாம் ஒரே நேரத்தில் முண்டியடித்தன, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கடைசி பஸ்ஸில் ஏறுகிற கூட்டம் மாதிரி. காலையில் மாட்டிய ரெகுலேட்டர். நேற்று மாற்றிய டியூப். என் பெண்ணுடைய ஸ்கூல் வேன் டிரைவர் இருமிக்கொண்டிருந்தது. மூன்றாவது நிமிஷம் கேஸ் வாசனை வந்தது. சத்தியமாக வந்தது.

"மேடம், கீழ கேஸ் லீக் ஆகுதா?"

மற்ற பத்துப் பேரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். ஒரு அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார். டாக்டர், "வேற யாருக்காவது வருதா?" என்று கேட்டார். கடைசி நாற்காலியிலிருந்த ஒருவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "எனக்குக் கீழ்க்கடை பஜ்ஜி வாசனைதான் வருது. கண்ண மூடினதுலேர்ந்து அதைத்தான் தியானம் பண்ணிட்டிருக்கேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மாடிப்படி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவைத்தேன்.

ஆனாலும் விடவில்லை. கார்டு பயம். வீட்டில் தினமும் காலை ஐந்தரைக்கு உட்கார ஆரம்பித்தேன். வேறு நினைப்பே குறுக்கிடாமல் இருபத்தோரு மூச்சு விட்டுவிட்டால் அன்றைய தியானம் சரியாக நடந்ததாகக் கணக்கு என்று நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். நடுவில் நினைப்பு வந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. இரண்டு வாரத்தில் ஐந்தரைக்கு உட்கார்ந்தவன் ஏழு மணிக்கும் எழுந்திருக்க முடியவில்லை. பாலக்கரையில் என் கடைக்குத் தாமதம். ஏஜென்சியிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கும்.

"என்னங்க, தியானமா தூக்கமா?" என்றாள் மனைவி.

"பதினெட்டுல விட்டுட்டேன். மறுபடி ஒண்ணுலேர்ந்து போயிட்டிருக்கேன்."

"பதினெட்டுல விட்டா பத்தொம்போதுலேர்ந்து எண்ணக் கூடாதா?"

"கூடாது."

"யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. அதை டாக்டரிடம் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கேஸ் வால்வை விட்டுட்டு மூச்சைத் திருகிப் பாக்க ஆரம்பிச்சிருக்கீங்க. எண்ணாதீங்க. நினைப்பு வந்தா, வந்திருக்குன்னு தெரிஞ்சுக்கங்க. விரட்டவும் வேண்டாம், பதிலும் சொல்ல வேண்டாம். மறுபடியும் மூச்சைக் கவனிங்க. நூறு தடவை போனா நூறு தடவை. அதுதான் பயிற்சியே."

"அப்ப சரியாப் பண்ணிட்டேன்னு எப்படித் தெரியும் மேடம்?"

"தெரியாது. தெரியாம இருக்கிறதுக்குத்தான் பழகுறோம்."

வேலைக்கும் ஒரு விதி சொன்னார். ஒரு வீட்டில் ஒரு தடவை, என் கையால், ஒழுங்காகப் பார்க்க வேண்டும். அது தொழில். இரண்டாவது தடவை பார்ப்பது தொழில் இல்லை, வியாதி. பயம் வந்தால் வரட்டும், பயத்தோடேயே கிளம்பிவிட வேண்டும். வண்டியைத் திருப்பினால் அப்போதைக்குப் பயம் அடங்கும். ஆனால் அலாரம் அடித்ததால்தான் தப்பித்தோம் என்று மூளை எழுதிவைத்துக்கொள்ளும், அடுத்த முறை இன்னும் பலமாக அடிக்கும் என்றார்.

இதெல்லாம் சொல்ல நன்றாக இருக்கிறது. செய்து பார்த்தால் தெரியும். முதல் மாதம் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு மூச்சைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வியர்வை ஊற்றும். சில நாள் ஜெயித்தேன், சில நாள் யாருக்கும் தெரியாமல் வீட்டு வாசல் வரை போய் மோப்பம் பிடித்துவிட்டு வந்தேன். இரண்டாவது மாதம் கொஞ்சம் சுலபமானது. எப்படிச் சுலபமானது? என் கையால் பார்த்தேன், ஒழுங்காகப் பார்த்தேன் என்ற ஒரு பிடி இருந்தது. தொங்குவதற்கு ஒரு கயிறு.

அந்தக் கயிறு இல்லாமல் போன நாள்தான் ஸ்ரீரங்கத்து நாள்.

காலை ஒன்பது மணிக்கு ஏஜென்சியிலிருந்து போன். "சித்திரை வீதில ஒரு வீடு அண்ணே. கேஸ் நாத்தம் வருதாம். இன்னிக்கு அங்க திவசமாம். உடனே போங்க." காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது பத்தடிக்கப் பத்து நிமிஷம். மாமா ஈர வேட்டியோடு வாசலில் நின்றார்.

"வாப்பா. அப்பா திவசம். இன்னிக்குன்னு பாத்து இப்படி ஆயிடுத்து."

ரேழியைத் தாண்டிக் கூடத்துக்குள் போனேன். சமையல்கட்டை நெருங்கும்போது உள்ளிருந்து மாமியின் குரல் வந்தது.

"அங்கேயே நில்லுங்கோ. மடியா தளிகை பண்ணிண்டிருக்கேன்."

"கால் கழுவிட்டு வரேன் மாமி."

"அதுக்கில்லை. எங்காத்து மாப்பிள்ளை வந்தாக்கூட இன்னிக்கு உள்ளே விட மாட்டேன். கோவிச்சுக்காதீங்கோ. நீங்க அங்கேர்ந்து சொல்லுங்கோ, நான் பண்றேன்."

ஸ்ரீரங்கத்தில் நான் பழுது பார்க்காத அடுப்பு குறைச்சல். மற்ற நாட்களில் அடுப்படி வரை போய் வேலை பார்த்து, காப்பியும் குடித்துவிட்டு வருவேன். திவசத்தன்று மட்டும் இப்படித்தான். குளித்து, மடித்துணி கட்டியவர்களைத் தவிர யாரும் சமையல்கட்டுக்குள் போகக் கூடாது, எதையும் தொடக் கூடாது. அப்படிப்பட்ட நாளில் கூப்பிட்டால் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிடுவதுதான் வழக்கம். ஆனால் இங்கே சமையல் பாதியில் நின்றிருந்தது.

நாலடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்க ஆரம்பித்தேன். ரெகுலேட்டரை மூடியாகிவிட்டது. ஜன்னல்களைத் திறந்தாகிவிட்டது. டியூப் அடுப்பில் சொருகியிருக்கும் இடத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். "நகம் போற அளவுக்கு வெடிச்சிருக்கு" என்றார். அதுதான். டியூப் மாற்ற வேண்டும்.

புது டியூபைத் தரையில் வைக்கச் சொன்னார் மாமி. சொம்புத் தண்ணீரை அதன் மேல் ஊற்றி எடுத்துக்கொள்ள வந்தார். "மாமி, உள்ள தண்ணி போயிடக் கூடாது" என்றேன். இரண்டு முனையையும் இரண்டு கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, "ஊத்துங்கோ" என்று மாமாவிடம் சொன்னார். என் ஸ்க்ரூடிரைவருக்கும் அதே குளியல்.

"எவ்வளவு தூரம் சொருகணும்?"

"அடுப்போட மூக்குல ரெண்டு வளையம் இருக்கும் பாருங்க. ரெண்டும் மறையணும்."

"மறைஞ்சுடுத்து."

"கிளாம்பை முறுக்குங்க. ரொம்ப முறுக்கினா ரப்பர் அறுந்துரும். கை நின்னதும் விட்டுருங்க."

கூடத்திலிருந்து வாத்தியார், "மெக்கானிக் சார், சீக்கிரம் அடுப்பு எரியணும். பித்ருக்கள் காத்துண்டிருக்கா" என்றார்.

ஸ்வாமிகளில் ஒருவர், "பித்ருக்கள் பொறுத்துப்பா ஓய். நேத்து ராத்திரிலேர்ந்து பட்டினி கிடக்கறது நான்" என்றார்.

சிரிப்புக்கு நடுவில் பையிலிருந்து என் சோப்புத் தண்ணீர் பாட்டிலை எடுத்தேன்.

"என்னது அது?" என்றார் மாமி.

"சோப்பு மாமி. நுரை தடவிப் பாக்கணும்."

"சோப்பெல்லாம் இன்னிக்கு உள்ளே வரப்படாது. என்ன கொழுப்பு சேத்திருப்பாளோ."

"நுரை இல்லாம முடியாது. பாக்காம பத்த வைக்க விட மாட்டேன்."

என் குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. மாமா கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். மாமி கோபப்படவில்லை. "பூந்திக்கொட்டை ஊற வச்சிருக்கேன், பட்டுப்புடவை அலசறதுக்கு. அது நுரைக்குமே" என்றார்.

பூந்திக்கொட்டை. முப்பது வருஷத்தில் பூந்திக்கொட்டை நுரையில் ஒரு டியூபைச் சோதித்ததில்லை. யாரும் சோதித்துக் கேள்விப்பட்டதும் இல்லை. "காட்டுங்க மாமி" என்றேன். கொட்டைகளைக் கையில் கசக்கி, வாசற்படிக்கு உள்ளே நின்றபடியே உள்ளங்கையை நீட்டினார். வெள்ளையாக, மணிக்கட்டு வரை நுரை. பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. பார்வைக்கு.

அடுப்புக் குமிழ்கள் மூடியிருக்க, ரெகுலேட்டரை மட்டும் திறக்கச் சொன்னேன். இரண்டு முனையிலும் நுரையைத் தடவி, ஒவ்வொன்றுக்கும் பத்து எண்ணச் சொன்னேன். மாமி எண்ணவில்லை. கேசவா, நாராயணா என்று பெருமாளின் பன்னிரண்டு நாமத்தையும் நிதானமாகச் சொன்னார். ஒரு முனைக்கு ஒரு முறை, இன்னொரு முனைக்கு இன்னொரு முறை.

"குமிழி ஒண்ணுமில்லை."

"கடுகளவுக்குக்கூட?"

"இல்லை."

"அடிப்பக்கம்?"

"அடிப்பக்கமும் பாத்துட்டேன்ப்பா. நுரை அப்படியே இருக்கு. நாத்தமும் இல்லை."

இன்னொரு தடவை தடவிப் பாருங்கள் என்று சொல்ல என் வாய் திறந்தது. நெஞ்சு கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. என் கையால் பார்க்கவில்லை. என் கண்ணால் பார்க்கவில்லை. என் நுரைகூட இல்லை. ஆனால் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாகிவிட்டது. பார்க்க வேண்டியவர் பார்த்தாகிவிட்டது. மாமியின் கண் என் கண்ணைவிட மட்டமா? அவர் மூக்கு கெட்டுப்போயிருக்கிறதா? இனிமேல் கேட்பது அந்த டியூபுக்காக இல்லை, எனக்காக. அது எனக்குத் தெரிந்தது. தெரிந்ததால் நெஞ்சு அடிப்பது குறைந்ததா என்றால், இல்லை.

"பத்த வைங்க மாமி" என்றேன்.

நீலமாக எரிகிறது என்று மாமா எட்டிப் பார்த்துச் சொன்னார். நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போன் பண்ணுங்கள் என்று எல்லா வீட்டிலும் சொல்வதை ஒரே ஒரு தடவை சொன்னேன். எவ்வளவு ஆச்சு என்று மாமா கேட்டார். கணக்குச் சொன்னேன். அதற்குள் மாமியின் குரல் வந்தது.

"ச்ராத்தம் முடியற வரைக்கும் ஆத்துலேர்ந்து எதுவும் வெளியிலே கொடுக்கப்படாது. நாளைக்கு வந்து வாங்கிக்கச் சொல்லுங்கோ."

"போன்ல அனுப்பட்டுமா?" என்றார் மாமா.

"அதுவும் கொடுக்கறதுதானே ஸ்வாமி" என்றார் வாத்தியார்.

"சரி, நாளைக்கு வாப்பா. கையிலேயே தந்துடறேன்."

சரி என்று வண்டியை எடுத்தேன். மாம்பழச் சாலை வருவதற்குள் ஆரம்பித்துவிட்டது. பூந்திக்கொட்டை நுரை கனமாக இருக்குமோ? சின்னக் கசிவை அது அமுக்கிவிடுமோ? கிளாம்பை முறுக்கும்போது ரப்பர் அறுந்திருந்தால்? ஆறு பேர். இல்லை, நான் வந்துவிட்டேன், ஐந்து பேர். பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. பக்கத்தில் புதுப் பாலத்து வேலையில் ஏதோ இயந்திரம் இடித்துக்கொண்டிருந்தது. கண்ணை மூட முடியாது. ஹெல்மெட் கண்ணாடியில் என் மூச்சு படிவதும் மறைவதும் தெரிந்தது. அதைப் பார்த்தேன். எண்ணவில்லை. மனது அதுவாக மூன்று வரை எண்ணிவிட்டது, விட்டுவிட்டேன். மறுபடியும் மாமியின் சமையல்கட்டு வந்தது. வந்திருக்கிறது. மறுபடியும் கண்ணாடி. பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்தார்.

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வண்டியைத் திருப்ப வசதியான ஓர் இடம் இருக்கிறது. எத்தனையோ தடவை திருப்பியிருக்கிறேன். அங்கே ஓரங்கட்டி நின்றேன். இண்டிகேட்டரைக்கூடப் போட்டேன். பயம் ஏறிக்கொண்டே போனது. இதற்கு மேல் தாங்காது என்று தோன்றிய பிறகும் தாங்கியது. ஒரு டீ வாங்கினேன், குடிக்காமலே ஆறிப்போனது. கால் மணியோ, அரை மணியோ நின்றிருப்பேன். பயம் போகவில்லை. பேசிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கத்துவதை நிறுத்தியிருந்தது. இண்டிகேட்டர் அதுபாட்டுக்கு மின்னிக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டு நேராகப் பாலக்கரைக்குப் போனேன்.

ஜெயித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். பாலக்கரையில் முதல் வேலையாக நாட்டு மருந்துக் கடையில் இருபது ரூபாய்க்குப் பூந்திக்கொட்டை வாங்கினேன். ஊறப்போட்டு, வேண்டுமென்றே ஒரு டியூபில் ஊசியால் குத்தி, நுரை தடவிப் பார்த்துவிடலாம் என்று திட்டம். கடைக்கு வந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போதுதான் உறைத்தது. வண்டியைத் திருப்பவில்லையே தவிர, இதுவும் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவதுதான். பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தேன். "எனக்கு எங்கேங்க பட்டுப்புடவை?" என்றாள்.

மறுநாள் ஐந்தரைக்கு உட்கார்ந்து எழுந்தேன். ஏழு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை ஸ்டார்ட் செய்தேன்.

"இவ்வளவு காலைல எங்க?"

"ஸ்ரீரங்கம். நேத்து வேலைக்குக் காசு வாங்கணும். அவங்களே வரச் சொல்லியிருக்காங்க."

அவள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "காசு வாங்கவா, டியூப் பாக்கவா?" என்றாள்.

கூப்பிட்டுத்தானே போகிறேன், இதில் கம்ப்ளைன்ட் எப்படி வரும், கார்டுக்கு என்ன ஆபத்து என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவள் கோலமாவு டப்பாவை எடுத்தாள். எனக்கே தெரிந்தது. காசை வாங்கிக்கொண்டு, அடுப்பு எப்படி எரியுது மாமி என்று கேட்பேன். கேட்டுக்கொண்டே உள்ளே போவேன். டியூபைத் தொட்டுவிட்டுத்தான் வருவேன். வண்டியை அணைத்தேன்.

இதைச் சொன்னபோது டாக்டர், "காசை வாங்காதீங்கன்னு நான் சொல்லலையே. காசுக்காக மட்டும் போக முடியும்னு தோணுற அன்னைக்குப் போங்க" என்றார். அப்படி ஒரு நாள் வரும் என்றுதான் இருக்கிறேன். ஏழு வாரம் ஆகிறது. ஏஜென்சிக்கு ஒரு கம்ப்ளைன்டும் போகவில்லை. மேனேஜர் போன வாரம் இரண்டு வீடு கூடுதலாகக் கொடுத்தார். இதற்குள் வேறு வேலையாக நாலு தடவை ஸ்ரீரங்கம் போய்விட்டேன். ஒவ்வொரு தடவையும் சித்திரை வீதி திருப்பத்தில் ஹேண்டில்பார் கொஞ்சம் அந்தப் பக்கம் இழுக்கும். தலைக்குள் அந்தப் பாதாம் பருப்பு சின்னதாயிற்றா, அப்படியே இருக்கிறதா, எனக்குத் தெரியாது. காலையில் இருபது நிமிஷம் உட்காருகிறேன். மாத்திரை போட்டுக்கொள்கிறேன். சில நாள் இன்னும் கேஸ் வாசனை வருகிறது. வருகிறது என்று தெரிந்துகொள்கிறேன்.

ஏதாவது ஆகியிருந்தால் கூப்பிட்டிருப்பார்கள் என்கிறது ஒரு மனது. கூப்பிட ஆள் இருந்தால்தானே என்கிறது இன்னொன்று. இரண்டுக்கும் நான் பதில் சொல்வதில்லை. மாமாவும் மறந்திருப்பார், நானும் போன் பண்ணி ஞாபகப்படுத்தவில்லை. டியூப் நூற்றுத் தொண்ணூறு, கிளாம்ப் இரண்டும் சேர்த்து நாற்பது, கூலி இருநூறு. அந்த வீட்டிலிருந்து எனக்கு இன்னும் நானூற்று முப்பது ரூபாய் வர வேண்டும்.